கிணற்றுப் புடவு

ராபினைக் கடலிலிருந்து பிரித்துத் திருப்பூருக்குக் கூட்டி வந்தவள் அவன் மனைவி அமலி. தூத்துக்குடியில் ராபினும் அமலியின் அண்ணனும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனவர்கள். ஒருநாள் அண்ணன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தான். வள்ளம் கரை சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் நடக்கவே இல்லை. அந்த வருஷமே அமலி துணிமணியைக் கட்டிவிட்டாள். "இனி நீங்க கடலுக்குப் போனா நான் எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அம்மை வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. என்றாலும் அவள் சொன்னது ராபினுக்கு நன்றாகவே புரிந்தது.

திருப்பூரில் அவனுக்குப் பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை, அவளுக்கு அதே கம்பெனியில் செக்கிங். தகரக் கூரைக்குக் கீழே ஆவி புகையும் அறையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடியே டீ-சர்ட்டுகளைத் தேய்த்துத் தள்ளுவான். தூசி படிந்தால் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும் என்று ஜன்னலைத் திறக்கவிடமாட்டார்கள். "கடலுக்கடியில எனக்கு மூச்சு முட்டுனதில்ல. இங்கனதான் முட்டுது" என்று வீட்டில் சொல்வான்.

ஆனால் முங்கும்போது முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரை அவன் விற்கவில்லை. ஆடியில் மாதா கோயில் திருவிழாவுக்கும் மற்ற விசேஷங்களுக்கும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதில் காற்று நிரப்பி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக் கொண்டு வந்துவிடுவான். திருப்பூருக்கு வெளியே கல் வெட்டி விட்டுப்போன பாறைக்குழிகளில் எந்த வறட்சியிலும் தண்ணீர் வற்றாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையில் எப்போதாவது அதில் ஒன்றில் இறங்கி அடிமட்டம் வரை போய்வருவான். அமலிக்கு அது தெரியும். பாறைக்குழி கடல் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒருதரம் குழிக்குள் விழுந்த மொபெட் ஒன்றை அவன் கயிறு கட்டி மேலேற்றிக் கொடுத்தான். அதிலிருந்து 'முங்கற ராபின்' என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேர் உண்டாயிற்று.

அந்தப் பேர்தான் மாதவனை அவனிடம் கொண்டு வந்தது. மாதவன் ஊத்துக்குளியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். 2005 ஐப்பசி அது. நாலு வருஷமாகப் பொய்த்த மழை அந்த மாதம் கொட்டித் தீர்த்தது. வறட்சியில் கடைசிச் சொட்டையும் உறிஞ்சுவதற்காக மோட்டாரைக் கிணற்றின் அடிப்பாறை வரை இறக்கி வைத்திருந்தவர்கள், விடிந்து பார்த்தபோது கிணறு நிறைந்து மோட்டார் உள்ளே போயிருந்தது. ராபின் இரண்டு மூன்று கிணறுகளில் இறங்கி மோட்டாரை எடுத்துக் கொடுத்தான். மயிலாத்தாள் தோட்டத்துக் கிணற்றுக்கு அவர்கள் போனது கார்த்திகை முதல் ஞாயிறு.

மயிலாத்தாளுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் இறந்த பிறகு நாலு எருமைகளையும் மூன்று ஏக்கரையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையில் சதுரமாக வெட்டிய பெரிய கிணறு. முன்பு பார்த்தால் தலை சுற்றும் பள்ளமாக இருந்ததில் இப்போது தண்ணீர் கால்வாசிக்குமேல் ஏறி, பச்சையாக நின்றது.

"நாலு வருசத்துக்கப்புறம் இப்பத்தான் கண்ணுல தண்ணியப் பாக்கறங் தம்பி" என்றாள். "விடிஞ்சா எந்திரிச்சு வந்து ஒருக்கா எட்டிப் பாத்துட்டுத்தான் எருமைக்கிட்டப் போறனுங்."

"மோட்டார் எங்கனக்கா இருக்கு?"

"அடீல, கெழபுறத்துப் புடவுக்குள்ளார. எங்க மாமனாரு காலத்துல ஊத்துக்கண்ணத் தேடிக் கொடஞ்சது. ஆளு குனிஞ்சு போலாம். வாய்க்கிட்ட மேபாறை வெடிச்சிருந்துச்சுன்னு ஒரு கல்லுத்தூணு முட்டுக்குடுத்து வெச்சிருக்குது. பாத்துப் போங்க."

கிணற்றின் எதிர்க்கரையில் இன்னொரு மோட்டார், சுவரில் உயரமாக இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அது யாருடையது என்று ராபின் கேட்டான். மயிலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதவன்தான் தாழ்ந்த குரலில் சொன்னான். "கூட்டுக் கெணறுங்ணா. பாதி அவங்க கொழுந்தனாரு பொங்கியண்ணனுக்கு. பங்குல தகராறு, கேஸ் நடக்குது. ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்."

கிணறு வெட்டும் ஆட்கள் இரண்டு பேர் தங்கள் கை கிரேனைக் கரையில் நிறுத்தி, கம்பிக் கயிற்றை இறக்கினார்கள். ராபின் சிலிண்டரை முதுகில் மாட்டி, கண்ணாடியை முகத்தில் இழுத்துவிட்டு, மாதவனிடம் சைகைகளைச் சொன்னான். கயிற்றை ஒருதரம் இழுத்தால் தளர்த்த வேண்டும், விட்டுவிட்டு மூன்று தரம் இழுத்தால் சுற்றித் தூக்க வேண்டும். மாதவன் திருப்பிச் சொன்னான். ராபின் படியிலிருந்து தண்ணீருக்குள் வழுக்கிப் போனான்.

மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் இறங்கியதும் குளிர்ந்தது. பச்சை கறுத்து, பிறகு டார்ச் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. இதற்குத்தான் அவன் வருகிறான். கம்பெனியின் சத்தமெல்லாம் தலைக்கு மேலே எங்கோ நின்றுவிட, தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதில் கேட்கும் இந்த இடத்துக்கு. சுவரோரமாக இரும்புக் குழாயைத் தொட்டபடியே இறங்கினான். குழாய் அடியில் வளைந்து புடவுக்குள் நுழைந்தது. தாழ்வான கதவு நிலை அளவுக்கு வாய். ஓரத்தில் அந்தக் கல்தூண்.

மோட்டார் வாயைத் தாண்டி உள்ளே ஒரு திட்டில் இருந்தது. குழாயை அதனோடு இணைத்த போல்ட்டுகள் உள்பக்கம் பார்த்திருந்தன. அதனால் மோட்டாரைச் சுற்றிக்கொண்டு அவன் உள்பக்கம் போக வேண்டியிருந்தது. ஸ்பேனரைப் போட்டு போல்ட்டுகளைக் கழற்றினான். கொக்கியை மாட்டினான். கம்பிக் கயிறு இறுக்கமாக நின்றதால் மோட்டாரைத் தாண்டி வெளியே வர வழியில்லை. தளர்த்தச் சொல்லி ஒருதரம் இழுத்தான். கயிறு பாறை விளிம்பில் சிக்கியிருந்தது. அசைவு தெரியாததால் மறுபடி இழுத்தான், இன்னும் ஒருதரம் இழுத்தான்.

மேலே மாதவன் கையில் மூன்று இழுப்பு வந்து சேர்ந்தது.

மோட்டார் திட்டிலிருந்து எகிறியதை ராபின் பார்த்தான். பாரமான பொருள் தண்ணீருக்குள் அப்படி வேகமாக நகர்ந்து அவன் கண்டதில்லை. அது சுழன்று போய்த் தூணில் இடித்தது. தூண் சாய்ந்தது. பிறகு சத்தம் இல்லாமல், ஒரு அதிர்ச்சி மட்டும் நெஞ்சில் வந்து மோதியது. டார்ச்சுக்கு முன்னால் எல்லாம் காவியாகி, கறுப்பாகி, கண்ணாடியில் கை வைத்தாலும் கை தெரியாமல் போயிற்று.

அசையாமல் கிடந்தான். கடலில் கற்றது அது. கலங்கினால் அசையாதே, மூச்சை எண்ணாதே, மெதுவாக விடு. கொஞ்சம் தெளியுமென்று காத்திருந்தான். தெளியவில்லை. தடவிக்கொண்டே வாய்ப்பக்கம் போனான். கைக்கு மோட்டாரின் வயிறு தட்டுப்பட்டது. அதன்மேல் ஒரு பாறைப்பலகை. அதன்மேல் இன்னொன்று. இடுக்கில் கையை விட்டால் முழங்கை வரை போனது, அதற்குமேல் கல். குழாய் பாறைக்கடியில் சப்பையாக நசுங்கியிருந்தது. முதுகைச் சுவரில் கொடுத்து இரண்டு காலாலும் உதைத்தான். பலகை முனகக்கூட இல்லை. மறுபடி உதைத்தான். மறுபடியும். நெஞ்சு படபடத்து, வாய்க்குழாய் வழியாகக் காற்று புஸ்புஸ்ஸென்று போய்க்கொண்டிருப்பது உறைத்ததும் நிறுத்தினான். சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரை டார்ச்சோடு ஒட்டிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தான். முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

'அமலி' என்று நினைத்தான். வேறொன்றும் நினைக்கத் தோன்றவில்லை.

வெளியே வழியில்லை என்றால் உள்ளே போவதுதான் மிச்சம். ஒரு கையைக் கூரையில் வைத்துத் தடவியபடி புடவின் உள்பக்கமாக நகர்ந்தான். கூரை மெல்ல மேலேறுவது போலிருந்தது. ஊத்தைத் துரத்திக்கொண்டு போன அந்தக் காலத்து ஆட்கள் மேல்நோக்கிக் குடைந்திருக்கிறார்கள். சட்டென்று கையில் ஈரம் போய் வெறும் காற்று பட்டது. தலையைத் தூக்கினான். கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் வழிந்து இறங்கியது. வாய்க்குழாயை எடுக்கப் பயந்து, முதலில் கண்ணாடியை மூக்குக்கு மேலே தூக்கி மோந்து பார்த்தான். மண்ணும் பழைய பாசியும் நாறின. ஆனால் மூச்சு வந்தது.

மழைத்தண்ணீர் ஒரே ராத்திரியில் வாயை அடைத்துக்கொண்டு ஏறியபோது புடவின் மேல்கோடியில் இருந்த காற்று போக வழியில்லாமல் அங்கேயே அகப்பட்டிருக்கிறது. அவனைப் போலவே.

டார்ச்சைச் சுற்றிக் காட்டினான். ஒரு கட்டிலுக்கடியில் எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவுதான். உட்கார ஒரு திட்டு இருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு வரை தண்ணீர், நிமிர்ந்தால் தலை கூரையில் முட்டும். பாறை வெடிப்பொன்றிலிருந்து ஊத்துத் தண்ணீர் நூலாகக் கசிந்து காலுக்கடியில் ஐஸாக ஓடியது. சிலிண்டரை மூடி வைத்தான். டார்ச்சை அணைத்தான். இருட்டு வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது.

தான் உயிரோடு இருப்பது மேலே எப்படித் தெரியும்? அதை நினைத்ததும் குழாய் ஞாபகம் வந்தது. நசுங்கினாலும் இரும்பு இரும்புதானே. மூச்சை அடக்கி முங்கி, குழாயின் முனையைத் தேடிப் பிடித்து ஸ்பேனரால் தட்டினான். டங், டங், டங். திட்டுக்குத் திரும்பி மூச்சு வாங்கினான். மறுபடி போனான். டங், டங், டங். எத்தனை தரம் போய் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒருதரம் குழாயில் கை வைத்தபோது அது தானாக அதிர்ந்தது. மூன்று தட்டு. மேலேயிருந்து.

ராபின் தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து கத்திவிட்டான். புரையேறி, இருமி, திட்டில் வந்து விழுந்து, சிரித்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் சிரிப்பு அசிங்கமாக எதிரொலித்தது. நிறுத்திக்கொண்டான்.

தெரிந்துவிட்டது, சரி. தெரிந்து என்ன செய்வார்கள்? முங்க வேறு ஆள் இல்லை. வேறு சிலிண்டரும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஆள் வர ராத்திரியாகும். அதுவரை இந்தக் காற்று தாங்காது. கடலில் ஒருபோதும் அவன் இப்படி யோசித்ததில்லை. கடலில் மேலே என்பது எங்கேயும் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் மேலே வந்துவிடலாம். இங்கே மேலே என்பதே இல்லை, கல்தான் இருக்கிறது. அந்தக் கல்லுக்கு மேலே மயிலாத்தாளின் வெங்காய வயல். அதற்கு மேலே ஞாயிற்றுக்கிழமை வெயில். இதே நேரம் அமலி மீன் வாங்கிக் கழுவிக்கொண்டிருப்பாள். செவுளை எடுத்துப் பூனைக்குப் போடுவாள். அவளிடம் மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

குளிர் எலும்புக்குள் இறங்கியது. பல் கிட்டியது. கொஞ்ச நேரம் தூங்கினானோ என்னவோ, தலை சாய்ந்து மூக்கில் தண்ணீர் ஏற, திடுக்கிட்டு எழுந்தான். தலை விண்விண் என்று தெறித்தது. மூச்சு குறுகி, நாய் இரைப்பது போல வந்தது. காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. சிலிண்டரைத் திறந்து வாய்க்குழாயிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டான். மிச்சமிருப்பதை ஒரேயடியாகத் தீர்த்துவிடவும் பயம், மிச்சம் வைத்து அதற்கு முன்னால் மயங்கிவிடவும் பயம். ஜெபமாலை சொன்னான். பாதியில் எந்த மணியில் இருக்கிறோம் என்பது மறந்துபோக, முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் மறந்தது.

குழாயைத் தட்டப் போனான். பதில் வந்தது. அடுத்த தரம் போனபோது பதில் இல்லை. அதற்கடுத்த தரமும் இல்லை.

'போயிட்டாங்க' என்று நினைத்தான். கோபம் வரவில்லை. போகாமல் என்ன செய்வார்கள் என்றுதான் இருந்தது. இருட்டில் கூரையைத் தடவினான். உளித் தடங்கள் விரலில் பட்டன. வரிசை வரிசையாக இருந்தன. இங்கே உட்கார்ந்து யாரோ கல்லைக் கொத்தியிருக்கிறார்கள், சாயங்காலம் ஆனதும் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள். அது ஒன்றுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

அப்போதுதான் காதுக்குள் 'சடக்' என்று ஒரு சத்தம்.

ராபின் அழுகையை நிறுத்தினான். எச்சில் விழுங்கினான். இன்னொரு சடக். அந்தச் சத்தத்தை அவன் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறான். ஆழத்திலிருந்து மேலே ஏறும்போது காதில் அடைத்த காற்று விடும் சத்தம் அது. ஆனால் அவன் ஏறவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறான். அப்படியென்றால்? மெதுவாகப் புரிந்தது. அவன் ஏறவில்லை, கிணற்றுத் தண்ணீர் இறங்குகிறது. மேலே இருக்கிற பாரம் குறைகிறது.

கிணற்றை இறைக்கிறார்கள்.

டார்ச்சைப் போட்டான். வெளிச்சம் மஞ்சளாகச் செத்துக்கொண்டிருந்தது. சுவரில் தண்ணீர் விளிம்பில் ஸ்பேனரால் ஒரு கோடு கீறினான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல் அகலம் ஈரப் பாறை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டார்ச் அணைந்துபோனது. விரலால் தடவிப் பார்த்தான். காது சடக்கென்று விடும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டான், யாரோ பேசுவதைக் கேட்பவன் போல.

நடுவில் அது நின்றது. வெகுநேரம் காது விடவில்லை. தண்ணீர் கோட்டை நோக்கி மறுபடி ஏறுவது போல விரலுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் சிலிண்டரின் கடைசிக் காற்றும் தீர்ந்தது. வாயைக் கூரையோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் கிடந்தான். இனி அமலியையும் நினைக்கக்கூடாது, நினைத்தால் மூச்சு வேகமாகிறது என்று அவளையும் தள்ளி வைத்தான். பிறகு பாறை மெல்ல அதிர ஆரம்பித்தது. திடுதிடுவென்று தூரத்தில் என்னவோ ஓடும் அதிர்ச்சி. ஒன்றல்ல, பல. காது மறுபடி விட்டது. இந்தத் தடவை அடுத்தடுத்து விட்டது.

கடப்பாரைச் சத்தம் கேட்டபோது அதை நிஜம் என்று அவன் நம்பவில்லை. புடவின் வாய்ப்பக்கம் ஒரு வெளிச்சக் கீறல் விழுந்து, அதன் வழியாகப் புதுக் காற்று வந்து முகத்தில் மோதியபோதுதான் நம்பினான். காற்று அவ்வளவு இனிப்பாக இருக்குமென்று அவன் அறிந்ததில்லை. "அண்ணா! ராபினண்ணா!" என்று மாதவன் கத்தினான். ராபின் ஸ்பேனரைப் பாறையில் தட்டினான்.

பலகைக் கற்களை நெம்பி, அவன் கையைப் பிடித்துச் சேற்றோடு சேறாக வெளியே இழுத்தார்கள். கிணற்றின் அடியில் முழங்கால் சேற்றில் நின்று நிமிர்ந்து பார்த்தான். நாலு பக்கமும் ஈரப் பாறைச் சுவர் ஏறிப் போனது. உச்சியில் சதுரமாகச் சாயங்கால வானம். விளிம்பு முழுக்கத் தலைகள். நாலைந்து பெரிய ஓஸ்கள் பாம்புகளாகத் தொங்கின. காலையில் அவன் இறங்கிய அந்தப் பச்சைத் தண்ணீர் எங்கேயும் இல்லை.

கிரேன் கூடையில் உட்காரவைத்து மேலேற்றினார்கள். கரையில், சேதி கேட்டு வந்த அமலி நின்றிருந்தாள். அழவில்லை. அவன் முகத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். பிறகு குனிந்து அவன் காலைக் கிள்ளினாள், அழுத்தமாக. "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று அவன் தலையாட்டினான். மற்றக் காலையும் கிள்ளினாள். அதன்பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மேலே நடந்ததை மாதவன், மயிலாத்தாள் வீட்டு வாசலில் மூட்டியிருந்த தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். ராபின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டான்.

"கயிறு லூசாயிருச்சுங்ணா, கீழ இருந்து ஒரே காவித் தண்ணி மேல வருது. முடிஞ்சுதுன்னு நெனைச்சுட்டேன். தலைல கைய வெச்சு உக்காந்துட்டேன். இவங்கதான் கொழாயத் தொட்டுட்டு நின்னவங்க, 'தட்டறான், தட்டறான்'னு கத்துனாங்க. உடனே சொல்லிப்போட்டாங்க, கெணத்த எறைங்கன்னு."

"அப்பறம் என்னத்தப் பண்ணச் சொல்றீங்க?" என்றாள் மயிலாத்தாள், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"எறைக்கறதுக்கு மோட்டாரு? இவங்களுது உள்ளார கெடக்குது. கெணத்துல ஓடற மோட்டாரு அவருது ஒண்ணுதான், பொங்கியண்ணனுது. ஒருத்தருக்கு ஒரு நாளுன்னு முறை, அத மாத்தி எறைக்கக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு வேற. ஒம்பது வருசம் மொகம் பாக்காதவங்க. இவங்க நேரா வரப்பத் தாண்டிப் போனாங்கண்ணா. நானும் பின்னால ஓடுனேன். அவரு கயித்துக் கட்டில்ல உக்காந்திருக்காரு. 'கொழுந்தனாரே, மோட்டாரப் போடுங்க'ன்னாங்க. அவரு, 'உம்பட தண்ணி மட்டுமா அதுல இருக்குது, என்ற பங்கும் சேந்துதான போகும்'னாரு."

ராபின் மயிலாத்தாளைப் பார்த்தான். அவள் தீயைக் கிளறினாள்.

"இவங்க ஒண்ணும் சண்டை போடலீங். 'பங்க கோர்ட்டு சொல்லட்டும். நீங்க வந்து கொழாயில காத வெச்சுட்டு அப்பறம் சொல்லுங்க'ன்னாங்க. அவரு வந்தாரு. குனிஞ்சு காத வெச்சாரு. நீங்க அப்பத் தட்டிக்கிட்டு இருந்தீங்க. பதிலுக்குத் தட்டணும்னு யாருக்கும் தோணலீங். நிமுந்தவரு யாரையும் பாக்காம போயி சுவிட்சப் போட்டுட்டாரு."

மத்தியானம், மோட்டார் ஓடுவதற்கான மூன்று பேஸ் கரண்டு நின்றுபோனது. ஊத்து ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பொங்கியண்ணன் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு காடு தோட்டமெல்லாம் போய், பூட்டிக் கிடந்த ஆயில் இன்ஜின்களை வண்டியில் ஏற்றி வரச் செய்தார். தீயணைப்பு வண்டியும் வந்து தன் பம்பை இறக்கியது. பக்கத்துக் கிணறுகளிலும் ஊத்து ஒன்றுதான் என்று சொல்லி, அவரவர் கிணற்றையும் சேர்த்து இறைக்கச் சொன்னாராம். நாலு வருஷம் வானத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் ஒரு பேச்சும் பேசாமல் தண்ணீரைப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

"அவரு எங்க?" என்று ராபின் கேட்டான்.

"நீங்க கூடையில மேல வர்ற வரைக்கும் நின்னாரு. அப்பறம் 'நங்கையா, பையனுக்குச் சூடா எதாச்சும் குடுங்க'ன்னுட்டுப் போயிட்டாரு." அந்தப் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மாதவன் ஓரக்கண்ணால் மயிலாத்தாளைப் பார்த்தான். அவள் எருமை கத்துகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

ராபின் மறுநாள் கம்பெனிக்குப் போனான். அயர்ன் அறைக்குள் நுழைந்து டேபிள் முன்னால் நின்றான். ஆவி எழும்பி ஜன்னல் கண்ணாடியில் படிந்ததும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஓடி வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மூன்று நாள் முயற்சி செய்தான். முடியவில்லை. வீட்டிலும் கதவைச் சாத்திப் படுக்க முடியவில்லை. குளிர்காலம் பூராவும் கதவைத் திறந்து போட்டு, அமலி வாசற்படியில் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். பிறகு காதர்பேட்டையில் ராஜா முகமது என்ற வியாபாரியிடம் பண்டல் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. தெருவில், திறந்த டெம்போவில். சம்பளம் குறைவு. ஆனால் மூச்சு வந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்த அக்காவப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள் அமலி. அவன்தான் தயங்கினான். பிறகு போனார்கள்.

மயிலாத்தாள் இட்லி சுட்டு, வெண்ணெய் உருக்கி ஊற்றினாள். மோட்டாரைச் சரிசெய்து ஓட விட்டாயிற்று என்றாள். ராபின் வரும் வழியிலேயே வெங்காய வயலைப் பார்த்திருந்தான். பாத்திகள் வெறுமையாகக் கிடந்தன.

"வெங்காயம் எடுத்தாச்சாக்கா?"

"எடுக்கறதுக்கு எங்கீங் இருந்துச்சு?" என்றாள் அவள். "அன்னைக்கு எறைச்ச தண்ணி பாதி காட்டுக்குள்ளதான் பாஞ்சுது. வேரு அழுகிப் போச்சு." அதைச் சொல்லும்போது அவள் குரலில் குறையும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். "இன்னொரு இட்லி வெச்சுக்குங்க."

ராபின் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் வேணா... எதாவது..." என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணும் வேண்டாங் தம்பி. வெங்காயம் அடுத்த பட்டத்துக்குப் போட்டா வருது."

"அவங்க? உங்க கொழுந்தனார்?"

"கேஸு நடக்குதுங். போன வாரம்கூட வாய்தா." இட்லிச் சட்டியை மூடிவிட்டு, "முறையில மட்டும் தகராறு பண்றதில்ல இப்ப" என்றாள்.

அமலி எழுந்து கிணற்றைப் பார்க்க வேண்டுமென்றாள். மூன்று பேரும் நடந்தார்கள். மழை அப்புறம் பெரிதாகப் பெய்யவில்லை. சுவர் வெகு ஆழம் வரை காய்ந்து வெளுத்திருக்க, ஊத்து கொடுத்த தண்ணீர் கீழே கறுப்பாக, அசையாமல் நின்றது. புடவு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அது தண்ணீருக்கடியில் இருந்தது. ராபின் விளிம்பிலிருந்து தள்ளி, புளியமரத்தடியில் நின்றுகொண்டான்.

வெகுநேரம் அப்படியே நின்றான். பெண்கள் இரண்டு பேரும் எருமைத் தீவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பிறகு அவனாகவே வந்து படியில் கால் வைத்தான். ஒரு படி, இன்னொரு படி. பின்னால் சட்டை இழுபட்டது. திரும்பினான். அமலி அவன் சட்டையின் நுனியைப் பிடித்தபடி கூடவே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு?"

"சும்மாத்தான். நீங்க போங்க."

தண்ணீர் விளிம்பு வரை போனார்கள். ராபின் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினான். பிறகு ஒரு வாய் குடித்தான். நெஞ்சு வேகமாக அடித்தது. அது அடங்கும் வரை அங்கேயே நின்றான்.

"வாங்க, போதும்" என்றாள் அமலி. இருவரும் மேலே ஏறினார்கள்.